ஒரே விலையில் இரண்டு குழாய்

ஒரு சாமானைத் தெரிவுசெய்ய ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் வேண்டும்? சேலைக்கடைக்குப் போகும் பெண்களைத்தான் ஊர் இதற்காகக் கேலி செய்யும். பராசக்தி தன் வாழ்நாளில் எந்தச் சேலைக்கும் அரை மணித்தியாலத்துக்கு மேல் செலவழித்தவள் அல்ல. தன் கூறைச்சேலையைக்கூட மூன்றாவதாக விரித்துக் காட்டியதைத் தொட்டு, "இது காணும்" என்று எழும்பி வந்தவள். அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் நமசிவாயத்தாரைக் கொடுத்தார். கொடுத்தது போதாதென்று, எண்பத்துமூன்றாம் ஆண்டு தை மாதம் லண்டனிலிருந்து, கடைச் சாமான் விலைப்புத்தகமான அந்தக் கற்றலொக்கையும் அனுப்பிவைத்தார்.

கற்றலொக்கில் இரண்டு சாமான்கள். இரண்டும் துவக்கின் மேல் பூட்டிக் குறி பார்க்கும் குழாய்கள். இரண்டிலும் ஒரு சிவப்புப் பொட்டுத் தெரியும். பொட்டை எதன்மேல் வைக்கிறோமோ அங்கே குண்டு போகும். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசக் காசுக்கு ஒரு பிளேன்ரீ குடிக்க முடியாது. லண்டனில் இருக்கும் பராசக்தியின் தம்பி மார்க்கண்டு, இரண்டில் எது வேண்டும் என்று அத்தான் ஒரு சொல் எழுதினால் போதும், வாங்கி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான். தை போய், மாசி போய், பங்குனியும் சித்திரையும் போய், வைகாசி வந்த பிறகும் அத்தான் அந்த ஒரு சொல்லை எழுதவில்லை.

நமசிவாயத்தார் முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். மானிப்பாயிலிருந்து இரண்டு கட்டை தள்ளி அவர்களுக்கு ஒரு கல்வீடும், பின்வளவில் நாற்பது கொடி திராட்சை ஓடும் முந்திரிகைப் பந்தலும் இருந்தன. பந்தலுக்குத் தண்ணீர் கட்டுவது, கொடி வெட்டுவது, மருந்தடிப்பது எல்லாம் பராசக்தியின் பாடு. பழத்துக்கு வரும் கிளியையும் மைனாவையும் பார்த்துக்கொள்வது மட்டும் அவருடைய பொறுப்பு. அதற்கென்று அரசாங்கக் கச்சேரியில் பதிந்த ஓர் எயார் றைபிள் வைத்திருந்தார்.

ஆனால் அவருடைய பெயர் கிளியால் வந்ததல்ல, வேலியால் வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் சும்மா ஓலையும் கதியால் தடியும் என்று நினைத்துவிடக் கூடாது. வருடாவருடம் பிரித்து அடைக்கும்போது ஒரு கதியால் யாருக்கும் தெரியாமல் நாலு விரல் நகரும். நாலு விரல் சில வருடத்தில் ஒரு முழமாகும். அந்த முழத்துக்காகக் கூடப்பிறந்தவர்கள் நீதவான் கோட்டுப்படி ஏறி, காணி பெறுமதியைவிடக் கூடுதலாக அப்புக்காத்துமாருக்குக் கொடுத்துவிட்டு, செத்த வீட்டுக்கும் போகாமல் இருப்பார்கள். இந்த ஊரில் அந்தக் கூத்துக் குறைவு. காரணம் நமசிவாயத்தார். ஒரு முனையில் குந்தி, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து, "நடுக் கதியால் ரெண்டு விரல் உள்ளுக்கு" என்பார். கயிறு பிடித்துப் பார்த்தால் இரண்டு விரல்தான் இருக்கும். எல்லைக்கல் தொலைந்த இடங்களில் தூரத்துப் பனை ஒன்றைக் குறிவைத்துக் கோடு சொல்வார். காலப்போக்கில் சனம் கயிறு பிடிப்பதையும் விட்டுவிட்டது. அந்தக் கண் சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் கண்ணுக்குத்தான் போன மார்கழியில் மானம் போயிற்று. பந்தலில் ஒரு கிளி இருந்து பழம் தின்றது. நமசிவாயத்தார் பதின்மூன்று தடவை சுட்டார். கிளி பதின்மூன்று தடவையும் தலையைச் சரித்து அவரைப் பார்த்துவிட்டு, குலையை முடித்துக்கொண்டுதான் பறந்தது. பின் ஒழுங்கைக்காரன் ஏரம்பு படலையில் நின்று இதை முழுவதும் பார்த்தான். அன்று பின்னேரம் சந்திக் கடையில் கிளியின் கதைதான்.

பராசக்தி அன்றைக்கே சொன்னாள். மானிப்பாய் ஆசுப்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, ஐம்பத்தெட்டு வயதில் கண் மங்குவது ஒன்றும் குற்றமில்லை என்றாள்.

"என்ரை கண்ணுக்கு ஒண்டுமில்லை. துவக்கின்ரை குறிதான் தேஞ்சுபோச்சு" என்றார் அவர்.

இரும்பு எப்படித் தேயும் என்று அவள் கேட்டாள். அடுத்த நாளே மார்க்கண்டுவுக்கு ஏரோகிராம் போனது. கற்றலொக் வந்ததும், 'சரி, தொலையட்டும், ஒன்றை வாங்கிப் பூட்டினால் இந்த மனிசனுடைய வீம்பும் அடங்கும், பழமும் தப்பும்' என்று பராசக்தியும் மனதைத் தேற்றிக்கொண்டாள். அங்கேதான் அவள் பிழைவிட்டாள். புதுக் குறி வந்து பூட்டுப்பட்டு, அப்போதும் கிளி தப்பினால்தான் அவர் ஆசுப்பத்திரிப் பக்கம் திரும்புவார் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் குறி வந்தாலல்லவா!

முதலாவது குழாய் திறந்த குழாய். இரண்டு முனையிலும் கண்ணாடி. உள்ளே ஒரு சின்ன வட்டப் பற்றரியால் பொட்டு எரியும். வலக்கண்ணை வைத்து ஊடே பார்த்தால் கிளியும் தெரியும், கிளியின் மேல் பொட்டும் தெரியும். இரண்டாவது அடைத்த குழாய். அதற்குப் பற்றரி வேண்டாம்; மேலே இருக்கும் சிவப்புத் துண்டு வெளிச்சத்தை இழுத்துப் பொட்டாகக் காட்டும். ஆனால் முன்முனை அடைப்பு, ஊடே பார்க்க முடியாது. வலக்கண் குழாய்க்குள் பொட்டை மட்டும் பார்க்கும். இடக்கண் வெளியே கிளியைப் பார்க்கும். இரண்டையும் மூளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும். இதை வாசித்தபோது பராசக்திக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் கடைசியில் குருட்டுக் குழாயையும் காசுக்கு விற்கத் தொடங்கிவிட்டான் என்று பகிடி விட்டாள். நமசிவாயத்தார் சிரிக்கவில்லை. "உந்தக் குருட்டுக் கதையை விடும்" என்று கற்றலொக்கைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, குழாய்க் கதை எரிந்துகொண்டே இருந்தது. சதுரக் கோடு போட்ட தாளில் ஒரு பக்கம் திறந்த குழாய், மறுபக்கம் அடைத்த குழாய் என்று பிரித்து, நிறை, நீளம், பூட்டும் ஆணி எல்லாம் எழுதினார். திறந்தது ஓர் அவுன்சு பாரம் கூட. சரி, அடைத்ததை எடுங்கோ. அடைத்தது அரை அங்குலம் நீளம் கூட. சரி, திறந்ததை எடுங்கோ. பற்றரி முடிந்தால் என்ன செய்வது? சரி, அடைத்தது. மழைக்காலம் வெளிச்சம் காணாவிட்டால்? மழைக்குள் கிளி வராதே என்றாள் பராசக்தி. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முகட்டைப் பார்த்தார்.

மாசியில் ஒரு நாள், அந்த வட்டப் பற்றரி கிடைக்குமா என்று கேட்க யாழ்ப்பாணம் போகிறேன் என்று வெளிக்கிட்டார். ஒரு மணிக்கூட்டுக் கடையில் இருக்கிறது என்றார்கள். நல்ல செய்தி என்று நினைக்கிறீர்களா? வீட்டுக்கு வந்து, கிடைக்கிறது என்றால் இரண்டும் சரிசமமாகிவிட்டது, இனித்தான் யோசிக்க வேண்டும் என்றார். அன்று பராசக்தி கறிச்சட்டியை இறக்கிவைத்த சத்தம் ஒழுங்கை முடக்கு வரை கேட்டது.

அந்தப் புத்தகப் பைத்தியம் மனிதனை நடமாட்டத்திலும் பிடித்துவிட்டது. கோப்பைக்குத் தேத்தண்ணி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். படலையில் தோளை இடித்துக்கொண்டார். வலப்பக்கமாக வந்து நின்றால் ஆள் வந்தது தெரியாமல் இருந்துவிட்டுத் திடுக்கிட்டார். ஊற்றும்போது கோப்பையைப் பாருங்கோ, கற்றலொக்கை அல்ல என்று அவள் ஒவ்வொரு நாளும் பாட்டுப் பாடினாள். பங்குனிப் பழம் பழுத்தது. கிளிகள் பழையபடி வந்தன. அவர் துவக்கைத் தொடவே இல்லை. சரியான குறி வரட்டும் என்றார். பந்தலில் பாதி கிளிக்குப் போயிற்று. தகரத்தில் தட்டித் தட்டிப் பராசக்தியின் கைதான் வீங்கியது.

சித்திரையில் மார்க்கண்டு கடைசிக் கடிதம் போட்டான். குருநகர்ச் சந்தியோகு, கப்பலில் வேலை செய்பவன், வைகாசி முடிய லண்டனிலிருந்து ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடலாம், அதற்குள் அத்தான் சொல்லாவிட்டால் இனி என்னைக் கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தான். இரண்டும் ஒரே சாமான்தான், கடைக்காரனே அப்படித்தான் சொல்கிறான் என்று கீழே கோடு வேறு போட்டிருந்தான். அந்தக் கோடு பராசக்திக்குச் சரியாக விளங்கியது.

நமசிவாயத்தாரால் மனிதர் சொல்லிக் கேட்க முடியாதென்றால் பிள்ளையார் சொல்லட்டும் என்று அவள் முடிவெடுத்தாள். ஊரில் கலியாணமா, காணி வாங்குவதா என்று தடுமாறினால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ, இரண்டையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரிக் கட்டிச் சுவாமியின் காலடியில் வைத்து, ஐயர் ஒன்றை எடுத்துத் தருவார். வருவது சுவாமி வாக்கு, பிறகு மறுபேச்சு இல்லை. வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை இருவரும் போனார்கள். நந்தியாவட்டை என்றால் திறந்த குழாய், செம்பரத்தை என்றால் அடைத்த குழாய் என்று பேச்சு.

செம்பரத்தை வந்தது.

முடிந்தது என்று பராசக்தி கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நமசிவாயத்தார் நகரவில்லை. செம்பரத்தை பெரிய பூ, கட்டும் பெரிதாக இருந்தது, ஐயரின் கை அதில்தான் முதலில் படும் என்றார். ஐயர் பொறுமைசாலி, இரண்டு கட்டையும் ஒரே அளவாகக் கட்டி மறுபடி எடுத்தார். மறுபடியும் செம்பரத்தை. இரண்டு தரம் பார்த்தால் மூன்றாம் தரமும் பார்க்க வேண்டும் என்று இவர் ஒரு புதுச் சட்டம் சொன்னார். மூன்றாம் தரமும் செம்பரத்தை. ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த முறை வேறு கோயிலுக்குப் போங்கோ என்ற முகத்துடன் உள்ளே போனார். வீடு வந்ததும் இவர் சாய்மனைக் கதிரையில் விழுந்து கற்றலொக்கை விரித்தார். பிள்ளையாருக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்தார்.

பராசக்திக்குத் தலை கொதித்தது. கல்யாணம் முடித்து இருபத்தொன்பது வருடத்தில் அவளுக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. அந்தக் கோபத்தோடு அவள் முற்றத்துக்கு வந்தபோதுதான் முருகேசு படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

முருகேசு பின் ஒழுங்கையில் ஏரம்புவுக்குப் பக்கத்து வளவுக்காரன். சத்தமாகக் கதைக்கத் தெரியாதவன். போன ஆவணியில் அவனுக்கும் ஏரம்புவுக்கும் நடு வேலியில் பிசகு வந்து, கல் தொலைந்துபோனதால், நமசிவாயத்தார்தான் தூரத்துப் பனையைப் பார்த்துக் கோடு சொன்னார். அந்தக் கோட்டில் முருகேசுவின் கறுத்தக்கொழும்பான் மாமரம் ஏரம்புவின் பக்கம் போயிற்று. முருகேசு ஒன்றும் சொல்லாமல் புது வேலிக்கு ஓலை சுமந்தவன்தான். இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஏரம்பு மாட்டுக்கொட்டில் போட மரத்தைத் தறிக்க ஆள் பிடித்துவிட்டான், கோடாலிக்காரர் வந்து நிற்கிறார்கள், தறிக்க முதல் ஐயா ஒருக்கால் வந்து அந்தப் பனையை மறுபடி பார்க்க ஏலுமோ என்று கேட்டான். தனக்கென்னவோ ஐயா பார்த்தது வேறு பனை போலப் படுகிறது என்றும் மெல்லச் சொன்னான்.

காலையிலிருந்து கட்டிவைத்திருந்த எல்லாவற்றையும் பராசக்தி அவன் தலையில் கொட்டினாள். இரண்டு தரம், மூன்று தரம் பார்ப்பது என்ற கதையே இந்த வீட்டில் இனி வேண்டாம் என்றாள். ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான் என்றாள்.

"முப்பத்திரண்டு வரியம் அரசாங்கம் நம்பின கண் அது. அவரின்ரை கண் ஒருநாளும் பிழைக்காது, முருகேசு. மரத்திலை ஆசை வைச்சுக்கொண்டு மனிசரிலை பிழை பிடிக்க வராதை" என்றாள்.

முருகேசுவின் முகம் சுருங்கியது. சரி அக்கா என்று சொல்லிப் படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். உள்ளே திரும்பிப் பார்த்தாள். யன்னலுக்கு அந்தப் பக்கம் சாய்மனைக் கதிரையில் நமசிவாயத்தார் கற்றலொக்கை முகத்துக்கு நேரே பிடித்தபடி இருந்தார். தன் கண்ணுக்காக மனைவி இவ்வளவு வாதாடியிருக்கிறாளே, ஒரு நன்றி கிடையாதா என்று அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. மத்தியானம் சோறு போடும்போது பின் ஒழுங்கையில் மரம் முறிந்து விழும் சத்தம் கேட்டது. அவர் கையில் எடுத்த பிடியைத் திரும்பச் சோற்றுக்கோப்பையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். குழாய் யோசனை சோற்றையும் விடவில்லை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் படுத்திருந்த நேரம் பார்த்து அவளே ஏரோகிராம் எடுத்து எழுதினாள். தம்பி, அடைத்ததை அனுப்பு, பற்றரி வேண்டாம், பிள்ளையாரும் அதைத்தான் சொன்னார், அத்தானுக்குச் சொல்லாதே. எழுதி, ஒட்டி, தானே நடந்துபோய்த் தபாற்பெட்டியில் போட்டாள். ஐந்து மாதத்து வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஆனி நடுவில் சந்தியோகு வந்து சேர்ந்தான் என்று செய்தி வந்தது. அவள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறி, குருநகர் வரை நடந்து போனாள். சந்தியோகு ஒரு பால்மாத் தகரப் பேணியைக் கொடுத்தான். ஆனையிறவில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஒவ்வொரு பையாகக் கொட்டிப் பார்த்தார்களாம். துவக்குக் குறி என்று கண்டிருந்தால் தன் விடுமுறை முழுவதும் காம்பில்தான் போயிருக்கும் என்றான். ஒரு கிளிக்காக இந்தக் காலத்தில் இவ்வளவு தேவையோ அக்கா என்று கேட்டான். பராசக்தி என்ன சொல்வாள்? கிளிக்காக இல்லை, ஒரு மனிசனுடைய வாயை மூட என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து பேணியைக் கவிழ்த்தாள். பால்மாவுக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய குழாய் மேசையில் விழுந்தது. நமசிவாயத்தார் அதைப் பார்த்தார். சந்தோஷப்படுவார், இல்லாவிட்டால் ஏன் கேட்காமல் எடுப்பித்தாய் என்று குதிப்பார் என்று அவள் இரண்டுக்கும் ஆயத்தமாக நின்றாள். அவர் இரண்டும் செய்யவில்லை. எதை அனுப்பியிருக்கிறான் என்று மட்டும் கேட்டார். அடைத்தது என்றாள்.

பிறகு பார்க்கலாம் என்றார். இப்போதே பார்க்கலாம் என்றாள். ஆணி இறுக்கத் திருப்புளி இல்லை என்றார். அவள் தையல் மெசின் திருப்புளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இனிச் சாட்டு இல்லாமல் போகவே, பின்வளவில் வாங்கில் இருந்து குழாயைப் பூட்டினார். பந்தலில் புதுக் குலைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. ஒரு மைனா வந்து மூன்றாவது கம்பியில் இருந்தது. பத்துப் பாகத் தூரம்கூட இல்லை. பராசக்தி கையைக் காட்டினாள். அவர் துவக்கைத் தோளில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். சுட்டார். மைனா அசையக்கூட இல்லை. எங்கோ கிணற்றுக்கட்டில் சன்னம் பட்ட சத்தம் கேட்டது.

"பழுதான சாமான். பொட்டு எரியேல்லை" என்று துவக்கைக் கீழே வைத்தார்.

சந்தியோகுவை நினைத்து, ஆனையிறவை நினைத்து, ஐந்து மாதத்தை நினைத்துப் பராசக்திக்கு அழுகையே வந்துவிட்டது. துவக்கைப் பறித்துத் தன் தோளில் வைத்தாள். அவள் வாழ்க்கையில் துவக்குத் தூக்கியதில்லை. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தாள். கம்பியும் குலையும் மைனாவும் தெரிந்தன. மைனாவின் நெஞ்சில் சின்னதாக, பளிச்சென்று, வட்டமாகச் சிவப்புப் பொட்டு இருந்தது. துவக்கை அசைத்தால் பொட்டும் கூடவே போயிற்று. இதில் என்ன பழுது?

அவரிடம் திருப்பிக் கொடுத்து, மறுபடி பாருங்கோ, என்ன தெரியுது என்று கேட்டாள்.

"மைனா தெரியுது. பொட்டு இல்லை."

அவளுக்கு ஏனென்று தெரியாது, கை தானாகப் போய்த் துவக்கை அவருடைய வலத்தோளிலிருந்து எடுத்து இடத்தோளில் வைத்தது. குழாய் இப்போது இடக்கண்ணுக்கு நேரே வந்தது. இப்போது என்ன என்று கேட்டாள். அவர் குழாயைக் கண்ணோடு இன்னும் அழுத்தினார். மறுபடி கேட்டாள்.

"பொட்டுத் தெரியுது. மைனா இல்லை" என்றார். பிறகு, "ஒண்டுமே இல்லை, பராசக்தி. பந்தலும் இல்லை" என்றார்.

அவள் பக்கத்தில் இருந்தாள். மைனா பழத்தைத் தின்றுகொண்டிருந்தது, யாரும் கலைக்கவில்லை. அவர் மெல்லச் சொன்னார். போன ஆவணியில் வலக்கண்ணில் புகை மாதிரி இருந்ததாம். வெய்யில் என்று நினைத்தாராம். மார்கழியில் கிளியைக் குறிவைத்தபோது வலக்கண்ணில் கிளியே இல்லை. அன்றைக்கு விளங்கியதாம். இடக்கண்ணால் சுட்டிருக்கலாம், ஆனால் முப்பத்திரண்டு வருடம் வலக்கண்ணால் பார்த்தவன் தோள் மாற்றினால் ஊர் ஏன் என்று கேட்கும். திறந்த குழாயை எடுத்தால் வலக்கண்ணால் எதுவும் தெரியாது என்று தனக்கே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அடைத்த குழாயை எடுத்தால், இரண்டு கண்ணும் வேண்டும் என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்துவிடும். எடுக்காமல் இருக்கும்வரை பிழை குறியில்தான் இருந்தது.

பராசக்தி இவ்வளவு நாளாகச் சேர்த்துவைத்திருந்த ஏச்செல்லாம் தொண்டை வரை வந்தது. நாளைக்கே மானிப்பாய் ஆசுப்பத்திரி, மற்றக் கண்ணையாவது காப்பாற்ற வேண்டும், இனி இதற்கும் பூக்கட்டிப் பார்க்க ஏலாது என்று தொடங்கினாள். பாதியில் நின்றாள். ஆவணி என்று அவர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முருகேசுவின் வேலிக்கு அவர் கண் வைத்தது ஆவணியில்.

"அண்டைக்கு முருகேசு வந்து படலையிலை நிண்டு கேக்கேக்கை," என்றாள். "நீங்கள் உள்ளுக்கை இருந்தனீங்கள். அப்ப உங்களுக்குத் தெரியுமோ?"

நமசிவாயத்தார் துவக்கிலிருந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆணி விரலுக்கு அகப்படவில்லை.

"ஓம்" என்றார்.

அவர் போய்ப் பார்த்துமிருக்கிறார். வைகாசி தொடங்கும்போதே, சனம் இல்லாத மத்தியான வெய்யிலில், சைக்கிளில் அந்த ஒழுங்கையால் போய், இறங்கி, இடக்கண்ணால் பார்த்திருக்கிறார். அங்கே இரண்டு பனை. அவர் பிழையான பனையைப் பிடித்திருக்கிறார். கோடு ஒன்றரை முழம் சரிந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. சொல்லவேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தாராம். சொன்னால், எப்படிப் பிழைத்தது என்று கேட்பார்களே என்று கற்றலொக்கை எடுத்தாராம்.

பராசக்தி எழும்பினாள். சேலை மாற்றவில்லை, வெளிக்கிடவில்லை, நின்ற நிலையில் படலையைத் திறந்தாள். பின்னால் அவர் வருவது கேட்டது. ஒழுங்கையில் வலப்பக்கத்து வேலியைக் கையால் தொட்டுக்கொண்டு வந்தார். எத்தனை மாதமாக அப்படித் தொட்டுக்கொண்டு நடந்தாரோ, அவள் கவனித்ததில்லை.

முருகேசு வளவில் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், மரம் நின்ற இடத்தில் ஏரம்புவின் மாட்டுக்கொட்டிலின் புதுக் கூரை. இவர்களைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து, வாங்கோ அக்கா, ஐயாவும் வந்திருக்கிறார், இருங்கோ என்று கதிரை எடுக்கப் போனான். பராசக்தி இருக்கவில்லை. கோடு பிழை என்றாள். மரம் உன்னுடையது என்றாள். இவருக்குக் கண் தெரியவில்லை, போன ஆவணியிலேயே தெரியவில்லை, நான் அறியாமல் உன்னை ஏசிப்போட்டேன் என்றாள். ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, அவன் ஏசட்டும் என்று நின்றாள். ஏசினால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முருகேசு நமசிவாயத்தாரின் கண்ணைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ரை அப்பு நட்ட மரம், அக்கா. எந்தப் பக்கம் நிண்டது எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றான் முருகேசு. "கோட்டுக்குப் போவம் எண்டு காகிதமும் எழுதி வைச்சிருந்தனான். ஐயாவின்ரை கண் ஒருநாளும் பிழைக்காது எண்டு நீங்கள் சொன்னாப் போலைதான், பிழை எனக்குத்தான் எண்டு நினைச்சுக் கிழிச்சுப்போட்டன்."

அவன் கொண்டுவந்த கதிரையை நமசிவாயத்தாருக்குப் பக்கத்தில் வைத்தான். பராசக்தி அவருடைய கையைப் பிடித்து அதில் இருத்தினாள்.